‘அடுத்து’ பட்டனை அழுத்தும்போது என்ன நடக்க வேண்டும்?

பின்னால் படிப்பவர்களுக்காக உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கல்லூரி விடுதிச் சேர்க்கைக்கு ஒரு விண்ணப்பம். மாணவர் விவரம், மதிப்பெண், வங்கிக் கணக்கு, உறுதிமொழி என்று நான்கு படிகள். நான்கும் ஒரே ஃபார்ம் டேக்குக்குள் இருக்கின்றன. ஒரு படியைக் காட்டும்போது மற்ற மூன்றையும் சிஎஸ்எஸ்ஸில் டிஸ்பிளே நன் போட்டு மறைக்கிறீர்கள். கட்டாயமான எல்லா ஃபீல்டுகளிலும் ரிக்வயர்டு (நிரப்பியே ஆக வேண்டும் என்ற குறிப்பு) வைத்திருக்கிறீர்கள். இருந்தும் ‘அடுத்து’ அழுத்தினால் எதையும் நிரப்பாமலே அடுத்த படி திறக்கிறது. கடைசியில் ‘சமர்ப்பி’ அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை, பிழைச் செய்தியும் வரவில்லை.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பிரவுசர் ரிக்வயர்டைத் தானாகப் பார்ப்பது ஃபார்ம் சமர்ப்பிக்கப்படும் நேரத்தில் மட்டும். உங்கள் ‘அடுத்து’ வெறும் கிளிக் நிகழ்வு. அது படி எண்ணில் ஒன்றைக் கூட்டுகிறது, அவ்வளவுதான். யாரும் எதையும் சரிபார்க்கவில்லை. கடைசியில் ‘சமர்ப்பி’ வரும்போது பிரவுசர் முழு ஃபார்மையும் பார்க்கிறது. முதல் படியில் பிறந்த தேதி காலி. அந்தப் பெட்டிக்குப் போய் நின்று ‘இதை நிரப்புங்கள்’ என்று சொல்ல வேண்டும், ஆனால் பெட்டி மறைந்திருக்கிறது, அதில் ஃபோகஸ் வைக்க முடியாது. அதனால் சமர்ப்பிப்பை நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறது. குரோமில் கன்சோலை (பிரவுசர் தன் பிழைகளை எழுதும் டெவலப்பர் பகுதி) திறந்து பாருங்கள்: செல்லாத கன்ட்ரோல் (நிரப்பும் பெட்டி) ஒன்று இருக்கிறது, அதில் ஃபோகஸ் வைக்க முடியவில்லை என்ற பொருளில் ஒரு சிவப்பு வரி இருக்கும். விண்ணப்பிக்கும் மாணவர் கன்சோலைத் திறக்கப் போவதில்லை.

இதை நானும் செய்திருக்கிறேன். ஓர் அறக்கட்டளையின் கல்வி உதவித்தொகை விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தபோது, கடைசி நாளுக்கு முந்தைய மாலை ஒரு மாணவி பிரவுசிங் சென்டரிலிருந்து போன் செய்தார். “அண்ணா, கடைசி பட்டனை அமுக்கினா ஒண்ணுமே ஆக மாட்டேங்குது. மூணாவது தடவை வந்திருக்கேன்.” ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி வந்து, மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கிறார். தவறு என் ஃபார்மில். அன்றிலிருந்து படிப்படியான ஃபார்ம் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த போன்தான்.

சரி, தீர்வுக்கு வருவோம்.

ஒவ்வொரு படியையும் ஒரு ஃபீல்டுசெட் (பெட்டிகளை ஒரு குழுவாகச் சேர்க்கும் டேக்) ஆக்குங்கள். இங்கே பலர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. ஃபீல்டுசெட்டிலும் செக்வேலிடிட்டி என்ற மெத்தட் இருக்கிறது. அதை அழைத்தால் உள்ளே இருப்பவை சரியா என்று சொல்லிவிடும் என்றுதான் தோன்றும். சொல்லாது. எத்தனை பெட்டி காலியாக இருந்தாலும் ‘சரி’ என்றே பதில் வரும், ஏனென்றால் விதிப்படி ஃபீல்டுசெட் சரிபார்ப்புக்கு உட்பட்ட உறுப்பே அல்ல. உள்ளே இருக்கும் கன்ட்ரோல்களை ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஃபீல்டுசெட்டின் எலிமென்ட்ஸ் பட்டியலை அரேயாக மாற்றிக்கொண்டு, செக்வேலிடிட்டியில் தோற்கும் முதல் கன்ட்ரோலைத் தேடுங்கள். கிடைத்தால் அதில் மட்டும் ரிப்போர்ட்வேலிடிட்டியை அழைத்துவிட்டு அங்கேயே நில்லுங்கள். கிடைக்காவிட்டால் அடுத்த படி. முதலாவது மெத்தட் கேட்டுச் சொல்லும், இரண்டாவது அந்தப் பெட்டிக்கே போய்ச் செய்தியையும் காட்டும்.

இது போதும். ஆனால் எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. மறைந்திருக்கும் படிகளின் ஃபீல்டுசெட்டில் ஹிடன் போடுவதோடு டிஸேபிள்டும் போட்டுவிடுங்கள். டிஸேபிள்டு ஃபீல்டுசெட்டுக்குள் இருக்கும் எதையும் பிரவுசர் சரிபார்ப்பதில்லை. ஆக, கண்ணுக்குத் தெரியும் படி மட்டும்தான் அந்த நேரத்தில் ‘ஃபார்ம்’. இப்போது ‘அடுத்து’ பட்டனை உண்மையான சப்மிட் பட்டனாகவே வைக்கலாம். அழுத்தியதும் பிரவுசரே அந்தப் படியைச் சரிபார்க்கும், தப்பான பெட்டிக்குப் போகும், செய்தி காட்டும். எல்லாம் சரியாக இருந்தால் மட்டுமே சப்மிட் நிகழ்வு உங்களிடம் வரும். அங்கே பிரிவென்ட்டிஃபால்ட் போட்டு, உண்மையான சமர்ப்பிப்பை நிறுத்திவிட்டு, அடுத்த படியைத் திறக்க வேண்டியதுதான். எண்டர் விசையும் தானாக வேலை செய்யும். நீங்கள் எழுதும் வரிகள் குறைவு, பிரவுசர் செய்யும் வேலை அதிகம்.

இந்த வழியில் மூன்று விஷயம் கவனிக்க வேண்டும். ‘அடுத்து’ பட்டன் ஒன்றே ஒன்றாக, எல்லா ஃபீல்டுசெட்டுகளுக்கும் வெளியே இருக்கட்டும். படிக்கு ஒன்றாக உள்ளே வைத்தால், எண்டர் அழுத்தும்போது பிரவுசர் தேடுவது ஃபார்மில் முதலில் வரும் சப்மிட் பட்டனை. அது முதல் படிக்குள், டிஸேபிள் ஆகிக் கிடக்கும். இரண்டாம் படியிலிருந்து எண்டர் வேலை செய்யாது. அடுத்தது, ‘முந்தைய’ பட்டனுக்கு டைப் பட்டன் என்று கண்டிப்பாக எழுதுங்கள். ஃபார்முக்குள் டைப் எழுதாத பட்டன் எல்லாமே சப்மிட்தான். ‘முந்தைய’ இடப்பக்கம் இருப்பதால் கோடிலும் முதலில் வரும். எண்டர் தட்டியவர் பின்னோக்கிப் போய் நிற்பார். கடைசியாக, டிஸேபிள் ஆனவற்றின் மதிப்புகள் சர்வருக்குப் போகாது. இறுதிச் சமர்ப்பிப்பில் எல்லா ஃபீல்டுசெட்டிலும் டிஸேபிள்டை நீக்கிவிட்டு, முழு ஃபார்மையும் ஒருமுறை சரிபார்த்துவிட்டு, அதற்குப் பிறகு ஃபார்ம்டேட்டாவை (அனுப்ப வேண்டிய மதிப்புகளின் தொகுப்பு) எடுங்கள். அந்தக் கடைசிச் சரிபார்ப்பில் ஏதாவது தோற்றால், அது எந்த ஃபீல்டுசெட்டுக்குள் இருக்கிறது என்று பார்த்து அந்தப் படியைத் திறந்து காட்டுங்கள். அந்த மாணவிக்கு நான் செய்யத் தவறியது இதைத்தான்.

இனி, எதைச் சரிபார்ப்பது என்பது. ரிக்வயர்டு ‘காலியா’ என்று மட்டுமே பார்க்கும். மூன்று ஸ்பேஸ் தட்டினாலும் அதற்குத் திருப்தி. எனவே முன்னும் பின்னும் உள்ள ஸ்பேஸை நீக்கிவிட்டு அப்புறம் கேட்க வேண்டும். பேட்டர்ன் (மதிப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்ற விதி) எழுதும் இடங்களிலும் இதே ஒழுங்குதான்: முதலில் சுத்தம் செய்யுங்கள், பிறகு சோதியுங்கள். பத்து இலக்க மொபைல் எண்ணைப் பலர் வாட்ஸ்அப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டுவார்கள். முன்னால் பிளஸ் 91, நடுவில் ஸ்பேஸ் எல்லாம் இருக்கும். அதைத் ‘தவறான எண்’ என்று திருப்பி அனுப்பாதீர்கள். எண்களை மட்டும் எடுத்து, பன்னிரண்டு இலக்கம் இருந்தால் மட்டும் முன்னால் இருக்கும் 91-ஐக் கழித்து, மீதி பத்து இலக்கமா, 6 முதல் 9-க்குள் தொடங்குகிறதா என்று பாருங்கள்.

வங்கிப் படியில் ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளையின் குறியீடு) பதினொரு எழுத்து: முதல் நான்கு ஆங்கில எழுத்துகள், ஐந்தாவது எப்போதும் பூஜ்யம், மீதி ஆறும் எழுத்தாகவோ எண்ணாகவோ இருக்கலாம். அந்த ஐந்தாவது இடத்தில் பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ‘ஓ’ எழுத்தைத் தட்டுகிறவர்கள் நிறைய. அந்த இடத்தில் வேறெதுவும் வர முடியாது என்று தெரிந்த பிறகு நாமே மாற்றிக்கொள்ளலாமே. பான் எண்ணில் ஐந்து எழுத்து, நான்கு எண், ஓர் எழுத்து. நான்காவது எழுத்து தனிநபருக்கு ‘பி’. இங்கே என்னை அரைநாள் அலைக்கழித்த ஒன்றைச் சொல்கிறேன். பான் பெட்டிக்கு சிஎஸ்எஸ்ஸில் டெக்ஸ்ட் டிரான்ஸ்ஃபார்ம் போட்டுப் பெரிய எழுத்தாகக் காட்டியிருந்தேன். திரையில் பார்த்தால் எல்லாம் பெரிய எழுத்து, அச்சு அசலாகச் சரியான பான். ஆனால் ‘தவறு’ என்றே வந்துகொண்டிருந்தது. சிஎஸ்எஸ் தோற்றத்தை மட்டும்தான் மாற்றும், உள்ளே மதிப்பு சின்ன எழுத்தாகவே இருந்திருக்கிறது. மதிப்பையே பெரிய எழுத்தாக மாற்றிவிட்டுச் சோதிக்க வேண்டும். ஆதார் எண் கட்டாயம் தேவை என்றால், பன்னிரண்டாவது இலக்கம் வெர்ஹோஃப் முறையில் கணக்கிட்ட சோதனை இலக்கம் என்பதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஓர் இலக்கம் தப்பினாலும், பக்கத்துப் பக்கத்து இரண்டு இலக்கம் இடம் மாறினாலும் அது பிடித்துவிடும்.

பெயர்ப் பெட்டியில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும். விடுதி விண்ணப்பத்தில் தமிழிலும் பெயர் கேட்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். ஆங்கில ஏ முதல் இசட் வரை என்று பேட்டர்ன் எழுதியிருந்தால் தமிழ்ப் பெயர் நுழையாது, அது தெரிந்ததே. அதற்காகச் சிலர் யூனிகோடில் ‘எழுத்து’ என்ற வகையைக் குறிக்கும் ‘எல்’ பண்பைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ‘கமல’ நுழையும், ‘கமலா’ நுழையாது. யூனிகோடில் துணைக்காலும் கொம்பும் புள்ளியும் எழுத்து வகையில் இல்லை, ‘குறி’ என்று தனி வகை. ‘எம்’ பண்பையும் சேர்த்தால்தான் தமிழ்ப் பெயர் முழுதாக நுழையும். நீளத்திலும் இதே சிக்கல். கிருஷ்ணமூர்த்தி என்ற பெயரில் நமக்கு எட்டு எழுத்து; பெட்டியின் நீள எல்லையான மேக்ஸ்லெங்த் எண்ணும்போது பதினைந்து. ஆங்கிலப் பெயரை மனதில் வைத்து இருபது என்று எல்லை வைத்தால், இனிஷியலோடு தந்தை பெயரும் சேர்ந்தவருக்குப் பாதியில் நின்றுவிடும், அதுவும் ஒரு செய்திகூட இல்லாமல். நூறு வையுங்கள், யாருக்கும் நஷ்டமில்லை. அப்புறம் அந்த ‘கடைசிப் பெயர்’ பெட்டி. நம் ஊரில் பெரும்பாலானவர்களுக்கு இனிஷியலும் ஒரு பெயரும்தான். அதைக் கட்டாயமாக்கினால் ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் அப்பா பெயரைப் போடுவார், ஒருவர் தன் பெயரையே இரண்டு முறை எழுதுவார். சான்றிதழில் ஒரு பெயர், விடுதிப் பதிவில் ஒரு பெயர் என்று ஆகி, மூன்று வருடம் கழித்து அந்த மாணவர் அலைவார். ‘சான்றிதழில் உள்ளபடி முழுப்பெயர்’ என்று ஒரே பெட்டி போதும்.

கணக்கு எண்ணை இரண்டு முறை கேட்டு ஒப்பிடுகிறீர்கள் அல்லவா, அதில் நம் சொந்தப் பிழைச் செய்தியைப் பெட்டியில் வைக்கும் செட்கஸ்டம்வேலிடிட்டி பயன்படுத்துவீர்கள். ஒருமுறை செய்தி வைத்துவிட்டால் நீங்கள் எடுக்கும்வரை அது அங்கேயே ஒட்டிக்கொண்டிருக்கும். பயனர் எண்ணைத் திருத்திவிட்டார், இரண்டும் பொருந்துகிறது, ஆனாலும் பெட்டி செல்லாததாகவே நிற்கும். பொருந்தும்போது வெற்றுச் சரத்தை வைத்து அழிக்க வேண்டும். இன்னொன்று, திருத்தம் எந்தப் பெட்டியிலும் நடக்கலாம். முதல் பெட்டியைத் திருத்தினாலும் இரண்டாவதன் செய்தி மறுபடி கணக்கிடப்பட வேண்டும். எனவே இன்புட் நிகழ்வை இரண்டிலும் கேளுங்கள்.

பிரவுசர் காட்டும் குமிழிச் செய்தி உங்கள் பக்கத்தின் மொழியில் வராது, பிரவுசரின் மொழியில் வரும். தமிழ்ப் பக்கத்தில் ஆங்கிலக் குமிழி முளைக்கும். அதனால் தமிழில் நீங்களே செய்தி எழுதுவது நல்லது. ஃபார்மில் நோவேலிடேட் போட்டால் குமிழி வராது, செக்வேலிடிட்டி மட்டும் வழக்கம்போல் வேலை செய்யும். ஆனால் அப்போது பிரவுசர் தடுக்காமலே சப்மிட் நிகழ்வு உங்களிடம் வந்துவிடும், சோதனையை அங்கே நீங்களே நடத்த வேண்டும். தோற்ற பெட்டியின் கீழேயே செய்தியை எழுதி, திரைவாசிப்பானுக்குப் பிழையைச் சொல்லும் ஏரியா இன்வேலிட், ஏரியா டிஸ்கிரைப்டுபை இரண்டையும் வைத்து, முதல் தப்பில் ஃபோகஸ் வையுங்கள். வெறும் சிவப்புக் கோடு போதாது, திரைவாசிப்பானில் கேட்கிறவருக்குச் சிவப்பு தெரியாது. செய்தியும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லட்டும். ‘தவறான மதிப்பு’ என்பதைவிட ‘பின்கோடு ஆறு இலக்கம், 0-வில் தொடங்காது’ என்பது உதவும். முதல் எழுத்தைத் தட்டும்போதே சிவப்பாக்காதீர்கள். 2023 இறுதியிலிருந்து எல்லா முக்கியப் பிரவுசர்களிலும் யூஸர்-இன்வேலிட் என்ற சிஎஸ்எஸ் தேர்வி இருக்கிறது. பயனர் அந்தப் பெட்டியில் எழுதிவிட்டு நகர்ந்த பிறகோ, சமர்ப்பிக்க முயன்ற பிறகோதான் அது பொருந்தும்.

படி நிரம்பும்வரை ‘அடுத்து’ பட்டனை மங்கலாக்கி வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எது குறை என்று தெரியாமல் மக்கள் திரையை மேலும் கீழும் தேடுவார்கள். அழுத்தட்டும், அழுத்தினால் குறையைச் சொல்லுங்கள்.

இனிதான் உண்மையில் கடினமான பகுதி. பெரும்பாலான கோடில் தற்போதைய படி என்று ஒரு எண் இருக்கும், ‘அடுத்து’ அதில் ஒன்று கூட்டும். உங்கள் ஃபார்மையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் முதல் படியில் ‘இளங்கலை’ என்று தேர்ந்து, மதிப்பெண் படியில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைப் போட்டு, வங்கிப் படிவரை வந்துவிட்டார். அப்போது நினைவு வந்து பின்னால் போய் ‘முதுகலை’ என்று மாற்றுகிறார். இப்போது மதிப்பெண் படிக்கு இளங்கலை மதிப்பெண் வேண்டும். அது காலி. ஆனால் அந்தப் படியை ‘முடிந்தது’ என்று பச்சை டிக்கோடு வைத்திருக்கிறீர்கள். அவர் மேலே உள்ள வங்கிப் படியின் தலைப்பைத் தொட்டு நேராகத் தாவிவிடுகிறார்.

இதற்கு நான் சொல்வது: எந்தப் படி திறக்கலாம் என்பதைச் சேமித்து வைக்காதீர்கள், ஒவ்வொரு முறையும் தரவிலிருந்து கணக்கிடுங்கள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சரிபார்ப்பு ஃபங்ஷன். அது அந்தப் படியின் பெட்டிகளை மட்டுமல்ல, இதுவரை உள்ள எல்லாப் பதில்களையும் வாங்கிக்கொண்டு பிழைப் பட்டியலைத் திருப்பித் தரட்டும். ‘அடுத்து’ அழுத்தினாலும், மேலே தலைப்பைத் தொட்டாலும், முகவரிப் பட்டையில் மூன்றாம் படி என்று நேராகத் தட்டினாலும், பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்தாலும் ஒரே கேள்விதான்: முதலிலிருந்து பார்த்தால் தோற்கும் முதல் படி எது? அதைத் தாண்டி யாரும் போக முடியாது. பச்சை டிக்கும் அதே கணக்கிலிருந்து வரட்டும். இப்படி எழுதிவிட்டால் படி தாண்டும் பிழைகள் அநேகமாக எல்லாம் ஒரே இடத்தில் தீர்ந்துவிடுகின்றன. பிறகு ஒரு படி சேர்த்தாலும் நீக்கினாலும் உடையாது. தேவை மாறிய படியின் பழைய மதிப்பை என்ன செய்வது என்பதையும் முடிவு செய்யுங்கள். முதுகலைக்கு மாறியவர் மறுபடி இளங்கலைக்கு வரக்கூடும், எனவே திரையில் அழிக்காமல் வைத்திருப்பேன். சமர்ப்பிக்கும்போது பொருந்தாததை அனுப்ப மாட்டேன்.

அந்த ஃபங்ஷன்களை ஜாவாஸ்கிரிப்டில் தனிக் கோப்பாக, திரையைத் தொடாமல் எழுதினால், சர்வரும் நோடில் (ஜாவாஸ்கிரிப்டைச் சர்வரில் ஓட்டும் மென்பொருள்) ஓடுவதாக இருந்தால் அதே கோப்பை அங்கேயும் அழைக்கலாம். சர்வர் பிஎச்பி, பைத்தான் என்றால் விதிகளை அங்கே இன்னொரு முறை எழுதத்தான் வேண்டும். பிரவுசரில் செய்யும் சரிபார்ப்பு நல்ல மனதோடு நிரப்புகிறவருக்கு உதவி, அவ்வளவே. டெவலப்பர் கருவியைத் திறந்து ரிக்வயர்டை அழிக்க பத்து நொடி போதும். சர்வர் முழுத் தரவையும் மறுபடி பார்த்து, பிழைகளை ஃபீல்டு பெயரோடு திருப்பித் தர வேண்டும். பெயர் இருந்தால்தான் நீங்கள் அந்தப் படியைத் திறந்து காட்ட முடியும். ‘ஏதோ பிழை, மீண்டும் முயலவும்’ என்ற செய்தி வந்தால் அவர் எங்கே போய் முயல்வார்?

சர்வரைக் கேட்டுத்தான் ஒரு படியை முடிக்க வேண்டும் என்றால், உதாரணமாக இந்தப் பதிவெண் ஏற்கெனவே விண்ணப்பித்திருக்கிறதா என்பது போல, பதில் வரும்வரை பட்டனில் ‘சரிபார்க்கிறோம்’ என்று காட்டி இரண்டாவது கிளிக்கை ஏற்காதீர்கள். இல்லாவிட்டால் மெதுவான இணைப்பில் இரண்டு முறை தட்டியவர் இரண்டு படி தாண்டியிருப்பார். இணைப்பு அறுந்தால் அவரை அங்கேயே கட்டிப்போடவும் வேண்டாம். போக விடுங்கள், இறுதியில் சர்வர் எப்படியும் பார்க்கும்.

ரியாக்ட் லைப்ரரிக்கு மாற்றும் எண்ணம் இருப்பதாகச் சொன்னதால் ஒன்று. ரியாக்டுக்கான ஃபார்ம் லைப்ரரியான ரியாக்ட் ஹுக் ஃபார்மில் டிரிக்கர் என்ற ஃபங்ஷனுக்கு அந்தப் படியின் ஃபீல்டு பெயர்களைக் கொடுத்தால் அவற்றை மட்டும் சோதிக்கும். அது பிராமிஸைத் திருப்பித் தருகிறது, அதாவது விடை பிறகு வரும் என்ற வாக்குறுதியை. அந்த விடைக்குக் காத்திருக்கச் சொல்வது அவெய்ட். அவெய்ட் எழுத மறந்தால் இஃப்புக்குள் வருவது பிராமிஸ். அது எப்போதும் உண்மைதான். சிவப்புச் செய்திகள் எல்லாம் ஒழுங்காக வரும், அதே சமயம் அடுத்த படியும் திறந்துவிடும். ‘சோதனை நடக்கிறது, ஆனால் தடுக்கவில்லை’ என்று யாராவது கேட்டால் நான் முதலில் பார்ப்பது அந்த ஒரு சொல்லைத்தான்.

பாதியில் நிறுத்தியவருக்காக லோக்கல்ஸ்டோரேஜில், அதாவது அந்தக் கணினியின் பிரவுசரிலேயே, சேமிக்கிறீர்கள் என்று பார்த்தேன். விண்ணப்பிக்கும் மாணவர்களில் பலர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்துதான் நிரப்புவார்கள். இவர் எழுந்து போன பிறகு அதே நாற்காலியில் உட்காரும் அடுத்தவருக்கு இவருடைய கணக்கு எண்ணும் பான் எண்ணும் நிரப்பப்பட்டே திறக்கும். அதை இன்றே எடுத்துவிடுங்கள். மொபைலுக்கு ஓடிபி அனுப்பிச் சர்வரில் வரைவாக வைப்பதே சரி. அப்படித் திரும்ப எடுத்து ஸ்கிரிப்ட் வழியாக நிரப்பும்போது மின்லெங்த், மேக்ஸ்லெங்த் இரண்டையும் பிரவுசர் சோதிக்காது, பயனர் தன் கையால் திருத்தினால் மட்டுமே சோதிக்கும். நீளத்தை உங்கள் ஃபங்ஷனிலும் பாருங்கள். ஃபைல் பெட்டியை ஸ்கிரிப்டால் பழையபடி நிரப்ப முடியாது. புகைப்படம் கேட்கிறீர்கள் என்றால் தேர்ந்தவுடனே ஏற்றி, ‘ஏறிவிட்டது’ என்று பெயரோடு காட்டுங்கள்.

போனில் பேக் தட்டுவது படி பின்னால் போவதற்கு என்றுதான் மக்கள் நினைக்கிறார்கள். படி மாறும்போது புஷ்ஸ்டேட் போட்டுப் பிரவுசர் வரலாற்றில் பதிந்து, பேக் தட்டும்போது வரும் பாப்ஸ்டேட்டில் அந்தப் படியைத் திறவுங்கள். படி திறந்ததும் அதன் தலைப்பில் ஃபோகஸ் வையுங்கள், பக்கமும் மேலே வந்து நிற்கும்.

இன்று இரவுக்குள் ஏதாவது செய்தாக வேண்டும் என்றால் இந்த வரிசையில் போங்கள்: லோக்கல்ஸ்டோரேஜை எடுப்பது, ஃபீல்டுசெட்டும் டிஸேபிள்டும், பட்டன்களின் டைப், கடைசிச் சமர்ப்பிப்பில் தப்பான படியைத் திறந்து காட்டுவது. மீதியை வார இறுதியில் செய்யலாம். முடித்ததும் மவுஸைத் தொடாமல் கீபோர்டில் மட்டும் ஒருமுறை நிரப்புங்கள். இன்னொரு முறை உங்கள் போனில், மூன்றாம் படிவரை போய், பின்னால் வந்து பாடப்பிரிவை மாற்றி, மறுபடி முன்னால் போய்ப் பாருங்கள். எங்காவது நின்றால் கன்சோலில் வந்த வரியை அப்படியே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.